இருபது நிமிட டெமோ வகுப்புக்கு நான் தயாரான விதம்

கோவையில் உள்ள ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்திலிருந்து வியாழக்கிழமை மாலை அழைத்து, சனிக்கிழமை டெமோ (ஆசிரியர் வேலைக்கு எடுக்கும் முன் பார்க்கும் மாதிரி வகுப்பு) எடுக்க வேண்டும், நேரம் 20 நிமிடம், மாலை வகுப்பில் படிப்பவர்கள் எட்டுப் பேர் உட்காருவார்கள், பின்வரிசையில் இரண்டு மூத்த ஆசிரியர்கள் கவனிப்பார்கள் என்றார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் எடுத்த துணிச்சலில், இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றிரவே பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸுக்கு 18 ஸ்லைடுகள் செய்து, அக்காவை உட்கார வைத்து நடத்திப் பார்த்தேன். செல்போனில் பதிவு செய்ததைக் கேட்டபோது 20 நிமிடத்தில் 16 நிமிடம் என் குரலே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பேசியது மூன்று 'யெஸ்', ஒரு 'ஓகே'. "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கற. இத வச்சு நாளைக்கு நான் யார்கிட்ட என்ன பேசறது?" என்று கேட்டார். துணிக்கடை ஒன்றில் பில் போடும் அவருக்கு, ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது என்று அதன் பிறகுதான் கேட்டேன். வெளிமாநிலப் பார்சல் வந்து சேராதபோது கூரியர் அலுவலகத்துக்குப் பேச வேண்டியிருக்கிறது என்றார். என்ன பேசுவீர்கள் என்றதற்கு, மிகப் பணிவான குரலில், "டெல் மீ, வேர் இஸ் மை பார்சல்?" என்றார்.

பாடம் அந்த இடத்தில் கிடைத்தது. தமிழில் 'சொல்லுங்க' என்றால் மரியாதை முழுவதும் 'ங்க' என்ற விகுதியில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்ட வைக்க எதுவும் இல்லாததால், மொழிபெயர்த்தவுடன் பணிவு உதிர்ந்து கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. 'சொல்ல முடியுமா' என்று தமிழிலேயே நாம் கேட்பதுண்டு. அதிலிருந்து 'குட் யூ டெல் மீ' (Could you tell me) ஓர் எட்டுத் தொலைவுதான். ஆகவே 20 நிமிடத்துக்கும் இந்த ஒரு வாக்கிய அமைப்பு போதும் என்று முடிவு செய்தேன். குறைவாகத் தெரியுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அட்டைகள் எழுதுவதில் போனது. 'அ' அட்டை வைத்திருப்பவர் வாடிக்கையாளர்: அவருக்குப் பார்சல் எண்ணும் முகவரியும் தெரியும், பார்சல் எங்கே என்று தெரியாது. 'ஆ' அட்டைக்காரர் கூரியர் ஊழியர்: பார்சல் எங்கே என்று அவருக்குத் தெரியும், ஆனால் எண்ணும் கதவு எண்ணும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் வேலை நடக்காது என்பதால் இருவரும் பேசியே ஆக வேண்டும். நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டுவிட்டால் அடுத்தவர் அட்டையை எட்டிப் பார்க்க முடியாது. போனில் முகம் தெரியாததும் அதே நிலைதான். நான் கொடுக்க வேண்டிய குறிப்புகளையும் வரிவரியாக எழுதிப் பார்த்து நான்கு சிறு வாக்கியங்களாகக் குறைத்தேன். 'புரிந்ததா?' என்று கேட்டால் பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, 'யார் யாருக்குப் போன் செய்கிறார்? அட்டையைக் காட்டலாமா?' என்று கேட்பதாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தவர்கள் ஏழு பேர். ஜோடி சேராத ஒருவரை மேலாளராக்கி, 'குட் யூ' காதில் விழும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் வாயே திறக்காமல் இருந்தார். அவரை எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேட்காமல் விட்டேன். ஜோடியாக உட்கார்ந்ததும் முதல் முறை "கிவ் மீ நம்பர்" என்றவர், எதிர்முனையில் இருந்த பெண் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்ததும் சிரித்துவிட்டு, "குல்டு யூ கிவ் மீ த நம்பர், ப்ளீஸ்?" என்றார். அந்த 'குல்டு' என் திட்டத்தில் இல்லாதது. காதுகொடுத்துக் கேட்டால் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சை நிறுத்தாமல் முடியவிட்டு, பிறகு அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, 'எல்' எழுத்தை அடித்துக் காட்டி, எல்லாரையும் மூன்று முறை சொல்ல வைத்தேன்.

கடைசிப் பகுதிக்கு நேரம் இல்லை. ஜோடி மாறிப் பேசுவதற்குள் மணி ஆகிவிட்டது.

தவறைக் கேட்டவுடன் ஏன் திருத்தவில்லை என்று மூத்த ஆசிரியர் கேட்டார். வாய் திறக்காத ஒருவர் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. பலகையில் எழுதியபோது ஒன்றரை நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை மட்டும் குறித்து வைத்திருந்தார். மாலை ஆறரை மணி வகுப்பு எனக்குக் கிடைத்தது. இப்போது பலகையில் எழுத வேண்டியவற்றை வகுப்பு தொடங்கும் முன்பே ஓர் ஓரத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.