வாசிக்கக் கேட்டவர்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களின் அரசியல் பேச்சில் பத்திரிகைக்கும் வானொலிக்கும் என்ன பங்கு இருந்தது என்ற ஆய்வுக்காக, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் சில மாதங்கள் அலைந்தேன். வினாக்கொத்தில் ஒரு கேள்வி: "அந்தக் காலத்தில் வாரத்துக்கு எத்தனை பத்திரிகை வாங்கினீர்கள்?" லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை ஒவ்வொன்றிலும், பூச்சியம்தான். 'பத்திரிகை எட்டாத இடம்' என்று குறிப்பும் எழுதிவிட்டேன்.

ஒரு பாட்டிதான் அதைத் திருத்தினார். "வாங்குனதில்ல தம்பி. வாசிக்கக் கேட்டிருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) எழுத்துத் தெரிந்த ஒருவர் வீரகேசரியை விரித்து உட்காருவாராம். சுற்றிலும் ஒரு கூட்டம். பாதியில் நிறுத்திச் சண்டை போடுவார்கள். மறுநாள் விடியற்காலை வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக் களத்தில் அது தொடரும். அங்கிருந்து பெண்கள் கொழுந்து மலைக்குக் கொண்டுபோவார்கள். ஒரே பத்திரிகை, எத்தனை வாய்! எங்கள் படிவத்தில் இதற்கு இடமே இல்லை.

தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் 1921இல் தேசநேசன் பத்திரிகையையும் 1924இல் தேசபக்தனையும் நடத்தியதை ஆய்வாளர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியது ஓரமாகத்தான் வருகிறது. எழுத்து தெரியாதவர்களிடம் அந்தப் பத்திரிகைகளின் செய்தியைப் பாட்டுத்தான் சேர்த்தது என்று இப்போது நினைக்கிறேன்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லாமல் போனது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இவர்களைப் பிரித்துக்கொள்ளச் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தச் செய்தியை அந்த இஸ்தோப்பில் வாசித்தபோது பாட்டியும் இருந்திருக்கிறார். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேருக்குப் பிறகு முடிவு. "எங்கள யாரும் கேக்கல. எண்ணிட்டாங்க" என்றார்.

கேள்வியை மாற்றினேன்: யார் வாசித்தார், யார் கூட இருந்தார்கள்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பாட்டி பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். தாளின் பின்பக்கமும் நிறைந்தது.

"வாசிச்சவரு எங்க இருக்காரு பாட்டி?"

"அவரு குடும்பத்தோட தலைமன்னாருல கப்பலேறிட்டாரு."

"அப்புறம் யார் வாசிச்சா?"

"யாருமில்ல. அந்த வருசந்தான் நாலு வீடு சேந்து ரேடியோ வாங்கினோம்."