காலிச் சட்டத்துக்கு ஒரு சைபர்

கடலுயிரியல் களப்பயிற்சிக்கு வரும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் என்ன பார்க்க ஆசை என்று கேட்டால் டால்பின், ஆமை, முடிந்தால் சுறா என்பார்கள். நான் கையில் கொடுப்பதோ அரை மீட்டர் சதுரச் சட்டம், அளவு நாடா, நனைந்தாலும் எழுத வரும் தாள், பென்சில். முகம் வாடத்தான் செய்யும்.

கடல் வற்றியிருக்கும்போது பாறை மேட்டிலிருந்து நீர் விளிம்புவரை நாடாவை இழுத்து, சமவாய்ப்பு எண், அதாவது குலுக்கலில் வருவதுபோல் வரும் எண், எங்கே சொல்கிறதோ அங்கே சட்டத்தை வைத்து, உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் கை கேட்காது. வெறும் பாறை வந்துவிட்டால் சட்டம் ஒரு சாண் தள்ளி, நட்சத்திர மீன் கிடக்கும் பக்கமாக மெல்ல நகரும்.

"சார், இங்க ஒண்ணுமே இல்ல. என்னத்த எழுதுறது?"

"சைபர்னு எழுதுப்பா."

"அது வேஸ்ட் இல்லையா சார்?"

பத்துச் சட்டத்தில் ஆறு காலி, மீதி நாலில் சேர்த்து 120 நத்தை என்றால் சராசரி 12. காலியை விட்டுவிட்டால் 30. இல்லாத நத்தைகளைக் கரை முழுக்கக் கொட்டிவிடுகிறோம். கணக்கைப் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள். அடுத்த சட்டத்திலும் கை நகரும்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் கதைக்குக் கொஞ்சம் பலன் உண்டு. 1963-இல் அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறை ஒன்றிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலில் எறியத் தொடங்கினார். பிடுங்கிய பாறைக்கே திரும்பத் திரும்பப் போய் எண்ணினார். 1966-இல் அவர் கட்டுரை வெளியானபோது அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகியிருந்தன. தின்ன ஆளில்லாத மட்டிகள் இடத்தை வளைத்துக்கொண்டன. எறிந்த கதை எல்லோருக்கும் பிடிக்கும். எது இல்லாமல் போனது என்று அவர் குறித்துவைத்ததை நான்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணுவதில் பெரிய சண்டை கொட்டலசுக்குத்தான். பாறையோடு ஒட்டிய சுண்ணாம்புப் பொருக்கு, இதற்கு உயிரா என்பார்கள். அது ஒட்டிய சிறு கல்லைக் கடல்நீர்க் கிண்ணத்தில் வைத்து, கையை ஆட்டாமல் லென்ஸில் பார்க்கச் சொல்வேன். சற்று நேரத்தில் உச்சித் தகடுகள் பிளக்கும். இறகு போன்ற கால்கள் வெளியே வந்து நீரை வாரும், மடங்கும், மறுபடி வாரும். இறால், நண்டுக்குச் சொந்தம். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, பிறகு தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஆயுசு முழுக்கக் காலாலேயே சாப்பிடுகிறது. டார்வின் இதன் பின்னால் எட்டு வருஷம் போனார் என்றால் அப்போது நம்புவார்கள். அதற்குப் பிறகுதான் உருப்படியான கேள்வி வரும்: செத்துப்போன வெற்று ஓடுகளையும் சேர்த்து எண்ணுவதா? எண்ணத் தொடங்குமுன் எல்லாக் குழுவும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அதற்கும் நேரம் குறைவு. கடல் வற்றும் வேளை நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். பள்ளிக்கூட அட்டவணை இங்கே செல்லாது. கூட வரும் ஆசிரியர்களுக்கு இதில் எப்போதும் வருத்தம்தான்.

தாள்களை வாங்கியதும் சைபரைத்தான் முதலில் தேடுவேன். ஒன்றுகூட இல்லாவிட்டால், நீர் ஏறுமுன் அந்தக் குழு மறுபடி நாடாவின் தொடக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.