பக்கத்தில் ஓர் ஆள்: எப்போது, எதுவரை?

பள்ளி திறந்த சில வாரங்களில், "இந்தப் பையனுக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும், முடியாவிட்டால் அம்மாவை வந்து உட்காரச் சொல்லுங்கள்" என்று வகுப்பாசிரியர்கள் கேட்கத் தொடங்குவார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராகப் பல பள்ளிகளுக்குச் சென்றுவரும் எனக்கு இந்தக் கோரிக்கை புதிதன்று. பெரும்பாலும் அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆள் தேவையா என்பதற்கான விடையை மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் தேடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் வரும் 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவுகோல் ஒதுக்கீட்டுக்கும் பல சலுகைகளுக்கும் உரியது. மூன்றாவது பாடவேளையில் ஒரு குழந்தைக்கு என்ன தேவை என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்வது வகுப்பறையில் எழுதிவைக்கும் குறிப்புதான். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பின் அதற்கு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் நேரத்தோடு சில நாள்கள் குறித்துவந்தாலே பாதி விளங்கிவிடும். "நாள் முழுவதும் வெளியே ஓடுகிறான்" என்று சொல்லப்பட்ட, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்புகளைப் பார்த்தபோது, வகுப்பே சேர்ந்து உரக்க வாய்ப்பாடு சொல்லும் நேரங்களில்தான் அவன் ஓடியிருந்தான். கதவோரம் இடமும், சத்தம் கூடும்போது வெளியே போகக் கேட்கும் ஓர் அட்டையைக் காட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் சற்று இருந்துவர அனுமதியும் கொடுத்ததில் ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. ஆளே தேவைப்படவில்லை.

மாறாக, வலிப்பு மருந்து மாற்றப்பட்டு இன்னும் கட்டுக்குள் வராத குழந்தைக்கும், மூளை முடக்குவாதத்திற்காகக் காலில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு திரும்பியிருக்கும் குழந்தைக்கும், தன்னையே அடித்துக்கொள்ளும் குழந்தைக்கும் ஆள் உடனே வேண்டும். அங்கே குறிப்பெழுதி முடியும்வரை காத்திருப்பது தவறு. ஆளை அமர்த்திவிட்டுக் குறிப்பைத் தொடரலாம்.

தற்காலிக உதவி என்றால், அது எப்போது முடியும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பாடவேளைகளில், எந்த வேலைகளுக்கு, என்ன மாற்றம் தெரிந்தால் குறைப்பது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, வகுப்பாசிரியரும் பெற்றோரும் ஒப்பமிட வேண்டும். பிறகு துணையாள் பக்கத்து இருக்கையிலிருந்து பின்வரிசைக்கும், அங்கிருந்து குறிப்பிட்ட சில பாடவேளைகளுக்கு மட்டுமாகவும் விலக வேண்டும். இந்த விலகல் திட்டமிடப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் மைக்கேல் ஜியாங்ரெக்கோவும் உடனாய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: பெரியவர் எப்போதும் ஒட்டியிருந்தால் குழந்தை சக மாணவர்களிடமிருந்து பிரிகிறது, சார்ந்திருக்கப் பழகுகிறது, வகுப்பாசிரியரும் பொறுப்பிலிருந்து நழுவுகிறார். "அவனுக்குப் புரிந்ததா?" என்று ஆசிரியர் அவனை விட்டுவிட்டு அவன் அம்மாவிடம் கேட்பதை நானும் கண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் தாயின் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கும் அதற்கு மேல் 15 மாணவர்களுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. பள்ளி பள்ளியாகச் சுற்றும் என்னைப் போன்றவர்களால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. இருக்கிற கைகள் குறைவு என்பதாலேயே அவற்றை யாருக்கு, எவ்வளவு காலத்திற்கு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குறித்த காலம் முடிந்தும் உதவியைக் குறைக்க முடியாவிட்டால், அதே தாளில் தேதியை மட்டும் திருத்தி நீட்டிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நிலையான தேவை என்றால் அதை அப்படியே குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதி, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்லும் தனிப்பட்ட ஆதரவாகவே கேட்டுப் பெற வேண்டும்.