ராக்கெட் வெடிக்கட்டும், பரவாயில்லை

விளையாட்டில் தோற்றால் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும், ஆனால் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் தோற்பதே பாதி சந்தோஷம். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் முதலில் வெளியிட்டு, 2015-இல் முழுப் பதிப்பாகக் கொண்டுவந்த கணினி விளையாட்டு இது. பச்சை நிறக் குட்டி மனிதர்களுக்கு ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட, ராக்கெட்டின் பாகங்கள் நாம் அடுக்கிய வரிசைப்படி ஒவ்வொரு கட்டமாக இயங்கும். பாராசூட் வரிசை மாறி முதல் கட்டத்துக்கு வந்துவிட்டால், எஞ்சின் பற்றுகிற கையோடு அதுவும் விரிந்து, வேகம் கூடியதும் பிய்த்துக்கொண்டு போகும். ஒல்லியாக, உயரமாகக் கட்டிய ராக்கெட் என்றால் இன்னும் அருமை: முதலில் லேசாக ஆடும், அப்புறம் மூக்கு சாயும், எடை கீழ்ப்பக்கம் அதிகமாக இருந்தால் அப்படியே குட்டிக்கரணம் அடித்து, நெருப்பைக் கக்கிக்கொண்டே தரையை நோக்கி வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் அறிக்கைதான். எந்தப் பாகம் எத்தனையாவது நொடியில் கழன்றது, எது எதில் மோதியது என்று வரிசையாகக் காட்டும், ஆகவே எங்கே சொதப்பியது என்று கண்டுபிடித்துவிடலாம். ஏவுதளத்துக்கே திரும்பிப் போக ஒரு பொத்தான் போதும்.

புதிதாக ஆடுபவர்கள் தயவுசெய்து வழிகாட்டி வீடியோக்களை முதலிலேயே பார்க்காதீர்கள். உங்கள் முதல் ராக்கெட்டை நீங்களே வெடிக்க வையுங்கள்.