ஜெபம் வராத நாட்களுக்கு சங்கீதம் 13

துன்பம் வந்தால் விசுவாசம் தானாக வளர்ந்துவிடாது. ஒரே மாதிரி இழப்பில் ஒருவர் தேவனை இறுகப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் ஆலயத்துப் பக்கமே வருவதில்லை. ரோமர் 5:3-4-இல் பவுலும் உபத்திரவத்திலிருந்து நேராக நம்பிக்கைக்குப் போய்விடவில்லை. நடுவில் பொறுமையும் பரீட்சையும் வருகின்றன. அவற்றுக்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலமெல்லாம் நம் வேதனையை யாரிடம் கொட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைப் பற்றித் தங்களுக்குள் முறுமுறுத்தார்கள். தாவீதோ அதே கசப்பைத் தேவனிடமே கொண்டுபோனான்.

அப்படிக் கொண்டுபோகப் பழகுவதற்கு தாவீது பாடிய சங்கீதம் 13 நல்ல இடம். மொத்தம் 6 வசனங்கள்தான்: முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, முதலில் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளை எழுதுங்கள்.

பெரும்பாலானோர் தடுமாறுவது முறையீட்டில்தான். தேவனிடம் குறை சொல்வது பாவம் என்று பயந்து, இரண்டாம் வரியிலேயே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறோம். தாவீது இரண்டே வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். "என் பாரங்களை நீக்கும்" என்று பொதுவாக எழுதினால் மனம் அதில் ஒட்டாது. "வேலை போய் ஐந்து மாதமாகிறது, கேட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள், நீர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீரே" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். விண்ணப்பமும் அப்படியே. வருஷம் முழுவதற்கும் கேட்காமல், இந்த வாரத்துக்கு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள். வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தைக்கூட இஸ்ரவேலர் அன்றன்றைக்குத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாளுக்கென்று வைத்தது பூச்சிபிடித்து நாறியது.

5-ஆம் வசனத்தில் தாவீதின் நிலைமை மாறிவிடவில்லை, சத்துரு அப்படியேதான் இருக்கிறான். ஆகவே சந்தோஷத்தை வரவழைத்துக்கொள்ளப் பாடுபடாதீர்கள். முன்பு தேவன் செய்த ஒரு நன்மையைத் தேதியோடு எழுதினால் போதும். அதுவும் முடியாத நாளில் 4-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சங்கீதம் 88 சிநேகிதரெல்லாம் விலகிப்போன வேதனையோடேயே முடிகிறது, அதற்கும் வேதாகமத்தில் இடம் இருக்கிறது.

நோட்டில் "பதில் வந்தது", "வரவில்லை" என்று இரண்டே பத்தி போடுகிறவர்கள் சில மாதங்களில் சோர்ந்துவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும்: இன்று தாங்குவதற்கு என்ன கிடைத்தது? பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும், மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபாதை நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் கிடைத்தது. அவருக்கு வந்த பதில் அந்த மூன்றாவது பத்தியில்தான் விழும். சாய்ந்து நிற்க வேறு எதுவும் இல்லாதபோது தேவன் தாங்குவது அங்கேதான் கண்ணில் படுகிறது.

உடம்பையும் கவனியுங்கள். சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினான், அவன் திரும்பப் படுத்துக்கொண்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்கு அப்புறம்தான். நாள்கணக்கில் தூக்கமில்லாமலோ, உயிர்வாழவே பிடிக்காமலோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லப் போய்த்தான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 சத்தியமான வசனம், ஆனால் சாவு வீட்டில் அதை முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

அடி உதை நடக்கிற வீட்டில் இருப்பவரிடம் "சிலுவையைச் சுமந்துகொள்" என்று யாரும் சொல்லக் கூடாது. சவுல் ராஜா தன்மேல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்று இராத்திரியே தப்பி ஓடினான். அப்படி ஓடினவன்தான் இந்தச் சங்கீதத்தையும் பாடினான்.