ஒரு மயில், நூற்றெட்டு அறுகோணம்

ஜூன் 12, வியாழன்

குயில்ட் தைக்க, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துப் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைக்கு, சிங்கப்பூர் ஆச்சி (அக்கா) கொடுத்துவிட்ட பேனல் துணிகள் வந்துவிட்டன. ஏழும் ஒரே அச்சு. தாமரைக் குளக்கரையில் ஒரு மயில். மேலே சாம்பல் கலந்த நீல வானம், கீழே பச்சையும் ரோஸும். தோகை வலப்பக்கமாக இறங்கித் தண்ணீரைத் தொடுகிறது. அகலம் 24 இஞ்ச், உயரம் 44 இஞ்ச். ஆறு பேனல் வெட்டுவதற்கு, ஒன்று முழுசாக நடுவில் வைப்பதற்கு.

அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வெயிலில் குயில்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கல்யாணச் சீர்ச் சாமான் பரப்பும்போது வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் நடுவே இதையும் வைக்கலாம் என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சொல்கிறார். வைக்கட்டும்.

வேலை இதுதான். ஆறு பேனலையும் ஒன்றன்மேல் ஒன்றாக, அச்சு இம்மி பிசகாமல் அடுக்க வேண்டும். அடுக்கோடு சேர்த்து முக்கோணங்களாக வெட்ட வேண்டும். ஒரே இடத்திலிருந்து வந்த ஆறு முக்கோணங்களை ஒரு மையத்தைச் சுற்றிச் சேர்த்தால் ஒரு அறுகோணம். கலைடாஸ்கோப்பில் வளையல் துண்டு பூவாகிற மாதிரி, தோகையின் ஒரு ஓரமும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து ஒரு பூ.

ஆத்தாவிடம் விளக்கினேன். "நல்லாருக்கிற மயிலக் கூறு போடுறதுக்கா ஆச்சி காசு கொடுத்து வாங்கிவிட்டா?" என்றார்கள்.

ஜூன் 14, சனி

கஞ்சி போடும் நாள். வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஆறு பேனலையும் நனைத்து வளவு முற்றத்தில் காயப்போட்டேன். முக்கோணத்துக்கு மூன்று பக்கம். அதில் ஒன்றுதான் இழையோடு நேராகப் போகும், மற்ற இரண்டும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழும். கிராஸ் வெட்டு இழுத்த பக்கமெல்லாம் நீளும். கஞ்சி மொடமொடப்பு இருந்தால் அவ்வளவு நீளாது. வேலை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும்.

இஸ்திரி போட்டபின் அளந்தால் ஆறும் ஒரே அளவில் இல்லை. அச்சு ஒன்றுதான், துணி கொஞ்சம் கோணியிருக்கிறது. கோணிய துணியை இரண்டு பேர் எதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுத்தால் பாவும் ஊடும் நேராகும். ஆத்தா ஒரு மூலை, நான் ஒரு மூலை. புலம்பினாலும் பிடி மட்டும் விடமாட்டார்கள்.

அடுக்குவதுதான் இந்த வேலையின் உயிர். ஓரத்தை ஓரத்தோடு வைத்து அடுக்கினால் தேறாது. அச்சு துணியின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் விழுந்திருக்காது. படத்தில் சின்னதாக, தெளிவாக உள்ள ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டும். நான் எடுத்தது மயிலின் கண். அதன் கருமணிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறது. தட்டைத் தலைக் குண்டூசியை முதல் துணியின் வெள்ளைப் பொட்டில் குத்தி, அடுத்த துணியின் அதே பொட்டில் இறக்கி, இப்படி ஆறையும் கோத்து, ஊசி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தேன். ஊசி சாய்ந்தால் துணி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு தாமரை மொட்டின் நுனி, தோகைக் கண் ஒன்று, அலகு, மூலைகளில் நாணல். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விலகும். மறுபடி தடவி விட்டு, மறுபடி குத்தி, மத்தியானம் போய்விட்டது.

கலம்காரியில் இதைச் செய்யலாமா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். கையால் அச்சுக்கட்டை வைத்து அடித்த துணியில் ஒவ்வொரு அடியும் நூலிழை அளவாவது தள்ளி விழும். அதுதான் அதன் அழகு. அடுக்கினால் அந்த அழகே வில்லங்கம். மெஷினில் அச்சடித்த துணிதான் இதற்குத் தோது.

ஜூன் 17, செவ்வாய்

துணி வெட்டும் வட்டக் கட்டருக்குப் புது பிளேடு, 45 மி.மீ. ஆறு துணியைச் சேர்த்து வெட்ட மழுங்கிய பிளேடு ஆகாது, கீழ்த்துணி இழுபடும்.

முதலில் நீளவாக்கில் 3¾ இஞ்ச் பட்டைகள், ஒரு பேனலில் ஆறு. அப்புறம் 60 டிகிரி ஸ்கேலை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி வைத்து, பட்டைக்குப் பதினெட்டு முக்கோணம். ஆக நூற்றெட்டு அடுக்கு, அடுக்குக்கு ஆறு துண்டு. நூற்றெட்டு என்று கேட்டதும் ஆத்தாவுக்கு இந்த வேலைமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இந்த 3¾ எங்கிருந்து வந்தது? கால் இஞ்ச் தையல் விட்டால் மூன்று பக்கத்துக்குமாக முக்கோணத்தின் உயரத்தில் முக்கால் இஞ்ச் குறையும். மிச்சம் மூன்று இஞ்ச். இரண்டு முக்கோணம் எதிரெதிராக நின்றால் ஆறு இஞ்ச். அதுதான் தைத்து முடித்த அறுகோணம் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இருக்கும் அளவு. பட்டையை இதைவிட ஒடுக்கினால் தோகைக் கண் துண்டாகிப் பொடியாகும். அகலப்படுத்தினால் அறுகோணத்துக்குள் மயிலின் தலை முழுசாக ஆறு முறை வரும், பார்க்க விகாரம்.

ஒவ்வொரு அடுக்கையும் அதன் குண்டூசியோடு தாம்பாளத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். மின்விசிறியைப் போட யாருக்கும் அனுமதி இல்லை. ஆனி மாதத்தில் இது பெரிய தியாகம்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு முக்கோணம் எப்படி வரும் என்று முன்கூட்டிப் பார்க்க, இரண்டு சின்னக் கண்ணாடிகளை டேப்பால் கீல் போல ஒட்டி, 60 டிகிரி விரித்துத் துணிமேல் நிறுத்திப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அற்புதமான பூ. துணியை அடுக்கிப் பார்த்தால் வேறு ஒன்று.

காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1817-இல் காப்புரிமை வாங்கிய கலைடாஸ்கோப் கண்ணாடியில் வேலை செய்வது. கண்ணாடி இடவலம் மாற்றும். ஆறு பகுதியில் மூன்று நேர், மூன்று திருப்பியது. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அதனால்தான் கோலம் போல இருபக்கமும் ஒத்துப்போகிறது. நம் ஆறு துண்டும் ஒரே பக்கம் அச்சடித்தவை. திருப்பிப் போட்டால் வெளிறிய பின்பக்கம்தான் தெரியும். ஆகவே ஆறும் ஒரே திசையில் சுற்றும். தோகையின் வளைந்த இறகு கண்ணாடியில் தாமரையாகிறது, துணியில் காற்றாடியாகிறது. எனக்குக் காற்றாடிதான் பிடித்திருக்கிறது, அதில் ஒரு வேகம் இருக்கிறது. ஆனால் கண்ணாடியை நம்பித் துணி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஆகவே கண்ணாடி வேண்டாம், துண்டுகளையே வைத்துப் பார்க்கலாம். ஒரு முக்கோணத்துக்கு மூன்று மூலை. எந்த மூலையை மையத்தில் வைக்கிறோமோ அதற்கேற்ப அறுகோணம் மாறும். உதாரணமாக, வானமும் இறகும் உள்ள ஒரு அடுக்கு. இறகு நுனியை மையத்தில் வைத்தால் பச்சை நட்சத்திரம், சுற்றிலும் வெறும் வானம். அடுத்த மூலையை வைத்தால் நடுவில் வானம், விளிம்பில் பச்சை வளையம். மூன்றாவது மூலையில் ஆறு இறகும் ஒன்றன் வாலை ஒன்று துரத்துகின்றன. ஒரே துணி என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் தேர்வு.

ஜூன் 29, ஞாயிறு

தையல். மூன்று முக்கோணம் சேர்த்து அரை அறுகோணம், அவ்வளவுதான். இரண்டு பாதியையும் இப்போது சேர்க்கக் கூடாது. ஏன் என்பது கடைசியில். தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஆறு தையல் கூடும் நடுப்புள்ளி புடைத்து நிற்கும். பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. மெஷின் ஓடுகிறது.

ஜூலை 4, வெள்ளி

அறுகோணங்களைப் பரப்பிப் பார்க்க இடம் வேண்டும். பட்டாலைத் தரையில் பரப்பினேன். ஆத்தங்குடிக் கல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அடியிலிருந்து எட்டிப் பார்த்தது; எது துணி, எது தரை என்றே பிடிபடவில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் தகர அச்சை வைத்து, கட்டங்களில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போட்டு வார்த்த கல். அந்தக் கண்ணாடிதான் அதற்கு இந்த வழவழப்பைக் கொடுக்கிறது. அதன் எதிரில் என் மயில் எடுபடாது.

சுவரில் மாட்டலாம் என்றால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. அதில் ஆணி அடிக்க நினைத்தாலே அப்பச்சி (அப்பா) கோபித்துக்கொள்வார்கள். கடைசியில் வீட்டின் இரண்டாம் கட்டில் ஊஞ்சல் கொக்கிகளுக்கு நடுவே திரைக்கம்பியைக் கட்டி, வெள்ளை பிளானல் துணியைத் தொங்கவிட்டேன். பருத்தித் துண்டு பிளானலில் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

முழு மயிலை நடுவில் வைத்தாயிற்று.

ஜூலை 9, புதன்

இந்த நான்கைந்து நாளும் தைக்கவே இல்லை. இடம் மாற்றுவதுதான் வேலை. இந்த வகைக் குயில்டில் தையல் யாருக்கும் வரும், வெட்டுவதும் பழகிவிடும். எதை எங்கே வைப்பது என்பதில்தான் ஆள் தெரியும்.

முதல் ஆசை, அழகான அறுகோணங்களை எல்லாப் பக்கமும் பரவலாக வைப்பது. தோகைக் கண் வந்த அறுகோணங்கள் நீலமும் பொன்னுமாகக் கண்ணைப் பறிப்பவை. அவற்றைச் சமமாகத் தூவினால் போர்வைக்கு அம்மை போட்டது போல இருக்கிறது. பூவைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து வைக்க வேண்டும். வானத்திலிருந்து வந்தவை மேலே, குளத்திலிருந்து வந்தவை கீழே. தோகைக் கண்கள் எல்லாம் வலப்பக்கம், நடுப் பேனலில் தோகை முடிகிற இடத்திலிருந்து கிளம்பி, முதலில் நெருக்கமாக, போகப்போகக் கலைந்து, கீழ் மூலையில் ஒன்றிரண்டாக. இப்போது மயிலின் தோகை படத்தைத் தாண்டி வெளியே விரிகிறது.

மங்கலான வானத்து அறுகோணங்களை முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். தனியாகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லாதவை. ஆனால் இரண்டு பளிச்சென்ற அறுகோணத்துக்கு நடுவே ஒன்றை வைத்தவுடன் இரண்டுமே தெளிந்தன. பளிச்சென்றவை மட்டுமே கொண்ட குயில்ட் கண்ணை வலிக்க வைக்கும். படங்களில் பார்த்துப் பலர் வியக்கும் சில குயில்ட்கள்கூட எனக்கு அப்படித்தான் படுகின்றன.

சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கிறேன். நிறம் போய்விட்டால் வெளிச்சமும் இருட்டும்தான் மிஞ்சும், தவறான இடத்தில் இருப்பது உடனே துருத்திக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் ஒரு கருநீலம் அப்படித்தான் மாட்டியது.

இன்னொரு தொந்தரவு, பேனலின் விளிம்பு. சுற்றிலும் அறுகோணங்கள் சுழல, நடுவே ஜன்னல் போல ஒரு செவ்வகம் நின்றால் என்ன பிரயோஜனம்? முழுசாகத் தைத்த ஐந்தாறு அறுகோணங்களை அந்த விளிம்பின்மேல், பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக் கையால் தைக்கப் போகிறேன். எல்லா இடத்திலும் இல்லை. தோகை வெளியேறும் இடத்திலும், தாமரை இலைகள் விளிம்பில் வெட்டுப்படும் இடத்திலும் மட்டும்.

ஆத்தா வந்து நின்று பார்த்தார்கள். "அந்த மூணாவது வரிசையில இருக்கிறத எடுத்துட்டு இத வையி" என்று ஒன்றைக் காட்டினார்கள். வைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மயிலைக் கூறு போட்டது பற்றி இப்போதெல்லாம் பேச்சே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பாதியாகவே விட்டுவைத்ததன் பலன் இன்று. முழு அறுகோணங்களை ஒன்றோடொன்று சேர்த்தால் ஒவ்வொரு மூலையிலும் மூன்று முனை கூடும், மெஷினில் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும். பாதிகளாக இருந்தால், ஒரு வரிசையின் வலப்பாதிகளும் அடுத்த வரிசையின் இடப்பாதிகளும் மாறிமாறிப் பொருந்தி ஒரே நேர்ப் பட்டையாகிவிடும். பட்டையைப் பட்டையோடு நேர்த்தையலில் சேர்க்கும்போதுதான் அறுகோணம் முழுமையாகிறது. நடுப்புள்ளிகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் குண்டூசி. பட்டைகள் வரிசை மாறாமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் எண் எழுதிய காகிதம்.

பேனலின் இரு பக்கமும் பட்டைகள் நேராக ஒட்டிக்கொண்டன. மேலும் கீழும் பல்பல்லாக நின்ற ஓரத்தை ஸ்கேல் வைத்து நறுக்கினேன். சுற்றுக் கரைக்குக் கருநீலம், நான்கு இஞ்ச். அச்சில்லாத துணிதான். இவ்வளவு சுழற்சிக்குப் பிறகு இன்னொரு பூப்போட்ட கரை தாங்காது.

சாயங்காலம் ஒரு சோதனை. திருப்பிப் போட முடியாதது அச்சுத் துணியின் குறை என்று எழுதினேன் அல்லவா? தறியில் நெய்த கட்டத்துக்கு அந்தக் குறை இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுதான். காரைக்குடிக் கண்டாங்கி! 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஆயாவின் (பாட்டியின்) பழைய கண்டாங்கி ஒன்று கரையருகே கிழிந்து கிடந்தது, அரக்கும் மஞ்சளும். கிழிந்த பக்கத்திலிருந்து, பட்டையின் நீளவாக்கில் கோடு ஓடும்படி முக்கோணங்கள் வெட்டினேன். கோடு வெளிவிளிம்பில் வரும்படி ஆறையும் வைத்தால் அறுகோணத்துக்குள் அறுகோணம். கோடு மையத்திலிருந்து கிளம்பும்படி வைத்தால் காற்றாடி. அதிலேயே ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டால் காற்றாடி நின்று, மூன்று இதழ் விரிகிறது. புரூஸ்டரின் கண்ணாடி செய்த வேலையைக் கண்டாங்கி கண்ணாடி இல்லாமல் செய்கிறது.

ஆச்சிக்குப் படம் அனுப்பினேன். அடுத்த முறை பேனல் வேண்டாம், கண்டாங்கி வாங்கி வை, ஊருக்கு வரும்போது காசு தருகிறேன் என்கிறார். நாளை காரைக்குடி போகிறேன். குயில்டுக்குப் பஞ்சு ஷீட்டும் வாங்க வேண்டும், மெல்லியதாக.