உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

திருவாரூரிலோ புதுச்சேரியிலோ மத்தியப் பல்கலைக்கழகப் பணியிட அறிவிக்கை வந்தால், என்னிடம் பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நெட் இருக்கு, பிஎச்டி இன்னும் முடியல. போடலாமா?"

போடலாம். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பிஎச்டி கட்டாயமில்லை. முதுகலையில் 55 சதவீதமும், நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி வேறு, நேர்காணலுக்கு அழைப்பு வருவது வேறு. விண்ணப்பங்களை வடிகட்ட, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில் நூறு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இளநிலையில் 78 சதவீதம் என்றால் 13 மதிப்பெண். முதுகலையில் 72 என்றால் 23. நெட்டுக்கு 5. ஆக 41. இதே மதிப்பெண்களோடு பிஎச்டி முடித்தவருக்கு 30 கூடி 71 ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2, ஓராண்டு அனுபவத்துக்கு 2. இரண்டுக்கும் உச்சவரம்பு பத்துப் பத்து. நெட் மட்டும் வைத்திருப்பவர் அந்த இருபதையும் முழுதாக வாங்கினாலும் 61தான். அதனால் ஆய்வேடு முடியும் தறுவாயில் இருப்பவர்களிடம், மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் சமர்ப்பியுங்கள் என்றே சொல்வேன்.

சின்ன எண்களும் முக்கியம். முதுகலையில் 79.9 இருந்தால் 23, 80 தொட்டால் 25. கிரேடு முறையில் படித்தவர்கள், சதவீதமாக மாற்றித் தரும் சான்றைத் தங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, கற்பித்த பாடம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். பிஎச்டிக்குச் செலவிட்ட காலம் அனுபவமாகாது. விடுப்பு எடுக்காமல் கற்பித்துக்கொண்டே ஆய்வு செய்திருந்தால் மட்டும் அந்தப் பணிக்காலம் சேரும்.

அப்புறம் சாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், க்ரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று வேண்டும். அறிவிக்கை வந்தபிறகு அதற்காக அலைந்தால் கடைசித் தேதி போய்விடும். எந்தத் தேதிக்குப் பின் வாங்கிய சான்று கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ஆசிரியரல்லாத பணிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. இளநிலை எழுத்தர், ஆய்வக உதவியாளர் போன்ற குரூப் சி பணிகளுக்கு 2016 முதல் நேர்காணலே கிடையாது. எழுத்துத் தேர்வும் திறன் தேர்வும்தான். எழுத்தர் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொற்கள் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் தினமும் பயிற்சி எடுங்கள்.

ஆசிரியர் பணிக்கு நேர்காணல் அழைப்பு வந்துவிட்டதா? சரி, அந்த மதிப்பெண்ணை இனி மறந்துவிடுங்கள். அது அழைப்போடு முடிந்தது. தேர்வு முழுக்க நேர்காணலை வைத்துத்தான் என்று அந்த விதிமுறைகளிலேயே குறிப்பு இருக்கிறது. 85 எடுத்தவரும் 65 எடுத்தவரும் அந்த அறைக்குள் சமம். துணைவேந்தர் தலைமையிலான குழுவில் உங்கள் பாட வல்லுநர்கள் இருப்பார்கள். ஆய்வேட்டைப் பற்றிக் கேட்பதோடு, முதலாண்டு மாணவருக்கு ஓர் அடிப்படைக் கருத்தை எப்படி விளக்குவீர்கள் என்றும் கேட்கலாம். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.